காத்திருப்பதும் வைத்தியம்தான்!

போன வருஷம் ஆடி மாசம். இருக்கன்குடி மாரியம்மனைப் பார்க்கப் பாதயாத்திரைக் கூட்டம் சாரைசாரையாக வந்துகொண்டிருந்த நேரம். மாடியில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவப் போன என் கொழுந்தனார் கால் வழுக்கிக் கீழே விழுந்துவிட்டார். நின்றவாக்கில் விழுந்ததால் தலை தப்பியது. ஆனால் வலது கால், கணுக்காலுக்கு மேலே வீங்கிக் கோணிப் போய்க் கிடந்தது.

"எண்ணெய் போட்டு உருவி, மூங்கில் பத்தை வச்சுக் கட்டினாச் சரியாயிடும்" என்றார் அத்தை.

"வேணாம் அத்தை, தொடாதீங்க. கோணின காலை இழுக்கக் கூடாது" என்று தடுத்தேன். காலைச் சுற்றித் தலையணை கொடுத்து, துண்டால் தளர்வாகக் கட்டி, 108-ஐ அழைத்தோம். மதுரைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

எக்ஸ்ரே படத்தைக் காட்டி டாக்டரம்மா விளக்கினார். முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பின் அடிப்பாகம், பாதத்தின் மேல் உட்காரும் இடத்தில் நொறுங்கியிருக்கிறதாம். அந்தப் பகுதிக்கு 1911-ல் டெஸ்டோ என்ற பிரெஞ்சு மருத்துவர் வைத்த பெயர் 'பிலோன்'. அவர்கள் மொழியில் உலக்கை என்று அர்த்தம். உயரத்திலிருந்து விழும்போது உலக்கை இடிக்கிற மாதிரி எலும்பு பாதத்தில் மோதிச் சிதறுகிறது.

"அப்போ உடனே ஆபரேஷன்தானே டாக்டர்?"

"இல்லைம்மா. இப்போ வெளியே கம்பிச் சட்டம் மாட்டிக் காலை நேரா நிறுத்தி வைப்போம். வீக்கம் வத்தினப்புறம்தான் ஆபரேஷன். பத்துப் பன்னிரண்டு நாள் ஆகலாம்."

எலும்பில் ஆணிகள் திருகி, வெளியே கம்பியால் இணைத்துவிட்டார்கள். அவ்வளவுதான்! அடுத்த நாளே என் ஓர்ப்படியா அழ ஆரம்பித்துவிட்டாள். "பணத்துக்காகத் தள்ளிப் போடுறாங்களோ அக்கா?" அத்தையோ, "பேரை வெட்டிட்டு வாங்க, கட்டுக் கட்டுறவர்கிட்டப் போவோம்" என்று போனில் பிடிவாதம். எனக்கும் மனசு ஆடித்தான் போனது. வெட்கத்தை விட்டு டாக்டரம்மாவிடமே கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "அந்த இடத்துல சதையே கிடையாதும்மா. எலும்பு மேலே தோல்தான். வீங்கின தோலை வெட்டினா ஒட்டாது. பிரிஞ்சு, சீழ் வச்சு, எலும்பு வரைக்கும் போயிடும். முன்னே அவசரப்பட்டு ஆபரேஷன் பண்ணப் பண்ண இப்படி நிறைய ஆச்சு. அதனாலதான் 1990-களில் இந்த ரெண்டு கட்ட முறை பரவினது. தோல்ல சுருக்கம் விழணும். அதுதான் எங்களுக்குப் பச்சை விளக்கு" என்றார்.

தினமும் காலையில் நாங்களே பார்ப்போம். பதினோராம் நாள், தண்ணீரில் ஊறின விரல் மாதிரி மெல்லிய சுருக்கம் விழுந்தது. மறுநாள் தகடும் திருகாணியும் வைத்துப் பொருத்தினார்கள்.

எல்லாருக்கும் ஒரே வைத்தியம் இல்லை. எலும்பு நகராமல் விரிசல் மட்டும் என்றால் மாவுக்கட்டு போதலாம். மூட்டைத் தொடாமல் சற்று மேலே உடைந்தால் எலும்புக்குள் கம்பி செலுத்துவதுண்டு. பொடிப்பொடியாக நொறுங்கி, தோலும் கெட்டிருந்தால் வளைய வளையமான கம்பிச் சட்டம். சைபீரியாவின் குர்கான் நகரில் இலிசரோவ் என்ற டாக்டர் 1950-களில் உருவாக்கியது அது. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டாலோ ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. அப்படிப்பட்ட காலைக் காப்பாற்ற முடியுமா, எடுக்க வேண்டுமா என்று தீர்மானிக்க, தோல், எலும்பு, தசை மூன்றுக்கும் மதிப்பெண் போடும் முறையை நம் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனை டாக்டர்கள் 2006-ல் வெளியிட்டார்கள்.

சகோதரிகளே, நான் கற்றுக்கொண்டவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்:

காயம் இருந்தால் சுத்தமான துணியால் மூடுங்கள். மஞ்சள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். ஆபரேஷன் ஆகலாம் என்பதால், டாக்டர் பார்க்கும் வரை சாப்பிட ஒன்றும் கொடுக்காதீர்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு காலை நெஞ்சுக்கு மேலாக உயர்த்தி வையுங்கள். கட்டுக்குள் வலி தாங்க முடியாமல் போனாலோ, விரல் மரத்தாலோ, நீலம் பூத்தாலோ அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. பீடி, சிகரெட் எலும்பு கூடுவதைக் கெடுக்கும். சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள். முட்டை, பருப்பு, பால், கேழ்வரகு தாராளமாகக் கொடுங்கள். டாக்டர் சொல்லும்வரை, பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு வாரம், காலை ஊன்ற விடாதீர்கள்.

இந்த ஆடியில் கொழுந்தனார் கோயிலுக்கு நடந்தே வந்தார். காலையில் எழுந்ததும் கணுக்கால் கொஞ்சம் பிடிக்கிறது. பின்னாளில் மூட்டு தேயலாம் என்றும் டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். ஆனால் கால் இருக்கிறது, நடக்கிறது.

நேர்ந்துகொண்ட கால் உருவை உண்டியலில் போட்டுவிட்டு அத்தை என் காதில் சொன்னார்: "நல்ல வேளை, அன்னிக்கு நீ என் பேச்சைக் கேக்கலை!"