விஷ ஊசின்னு பயப்படாதீங்க, அது யாருக்குக் கிடைக்குதுன்னு கேளுங்க

1/ போன வாரம் ஓபில ஒரு அம்மா. வயசு ஐம்பதைத் தாண்டியிருக்கும். உப்பளத்துல உப்பு வாருற வேலை. (ஆள் அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) எட்டு மாசம் முன்னாடி பக்கவாதம். பிழைச்சாங்க, நடக்கவும் ஆரம்பிச்சுட்டாங்க. ஆனா வலது கை இறுக மூடியே இருக்கு.

2/ அந்த விரல்களை நானும் நர்ஸ் அக்காவும் சேர்ந்துதான் பிரிச்சோம். நகம் உள்ளங்கையில குத்திப் புண்ணு. வேர்வை தேங்கி நாத்தம். குளிப்பாட்ட, ரவிக்கை மாட்ட, நகம் வெட்ட ரெண்டு பேர் வேணும். மகள் வேலைய விட்டுட்டு வீட்டுல இருக்கா.

3/ "இதுக்கு போட்டுலினம் ஊசி இருக்கு, நரம்பியல் டாக்டரைப் போய்ப் பாருங்க"ன்னு எழுதிக் கொடுத்தேன். மகள் சொன்னா: "வேண்டாம் டாக்டரம்மா, அது விஷ ஊசியாம். மூளைக்கு ஏறிருமாம். வாட்ஸ்அப்புல வந்துச்சு." அதுக்காகத்தான் இந்த இழை. நீளம்தான், பொறுத்துக்கோங்க.

4/ முதல்ல ஒத்துக்கறேன். ஆமா, விஷம்தான். கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம்ங்கிற பாக்டீரியா உண்டாக்குற நஞ்சு. நமக்குத் தெரிஞ்ச நஞ்சுகள்லயே மிகக் கொடியதுகள்ல ஒண்ணு. சரியாப் பதப்படுத்தாத டப்பா உணவுல உருவாகும். மூச்சுத் தசை செயலிழந்து உயிரே போகலாம்.

5/ அது செய்ற வேலை என்ன? தசையை இறுக்க நரம்பு அசிட்டைல்கோலின்ங்கிற ரசாயனத்தை விடும். அதை வெளியே விட ஒரு புரதம் வேணும். இந்த நஞ்சு அந்தப் புரதத்தை வெட்டிடும். கட்டளை போகாது, தசை தளரும். 3, 4 மாசத்துல நரம்பு தன்னைச் சரிபண்ணிக்கும். அதோட ஊசியின் விளைவும் போயிடும்.

6/ பக்கவாதத்துல, தசையை அடக்கி வைக்கிற மூளையின் கட்டுப்பாடு போயிடுது. தசை ஓயாம இறுகுது. அந்த இறுக்கத்தை, இறுகின தசையில மட்டும் குறைக்கறதுதான் இந்த வைத்தியம். ஊசி போடறது கைத் தசையில. மூளையில இல்ல.

7/ அளவு? பரவலாப் பயன்படுற ஒரு வகையில, 100 யூனிட் குப்பிக்குள்ள இருக்கிற நச்சுப் புரதம் சுமார் 5 நானோகிராம். ஒரு கிராமை 20 கோடி பங்கு போட்டா, அதுல ஒரு பங்கு. உப்பு விளையுற ஊர்க்காரங்களுக்கு அளவைப் பத்தி நான் சொல்லணுமா? குழம்புல கைப்பிடி கைப்பிடியா உப்பை அள்ளிப் போட்டா யார் சாப்பிடுவா?

8/ இது நேத்து வந்த மருந்தும் இல்ல. கெட்டுப்போன சாசேஜ் தின்னு செத்தவங்களை ஆராய்ஞ்ச ஜெர்மன் டாக்டர் யுஸ்டினஸ் கெர்னர், இது மருந்தாகலாம்னு 1822லயே எழுதினார். 1970கள்ல அமெரிக்கக் கண் டாக்டர் ஆலன் ஸ்காட் மாறுகண்ணுக்குப் போட ஆரம்பிச்சார். 1989ல அமெரிக்கா அனுமதி கொடுத்தது மாறுகண்ணுக்கும் இமை இழுப்புக்கும். 2000ல கழுத்துத் திருகலுக்கு. நெத்திச் சுருக்கத்துக்கு 2002லதான். நோயாளிக்கு வந்து 13 வருஷம் கழிச்சுத்தான் அழகுக்கு வந்துச்சு.

9/ "பாக்டீரியா சமாச்சாரத்தை உடம்புல ஏத்தலாமா?" ஏத்திக்கிட்டுதான் இருக்கோம். ஹார்ட் அட்டாக் வந்தவருக்கு அரசு ஆஸ்பத்திரிகள்ல வருஷக்கணக்கா போட்டுவர்ற ஸ்ட்ரெப்டோகைனேஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாகிட்ட இருந்து வந்ததுதான். அது காப்பாத்தின அப்பாக்கள் உங்க தெருவுலயும் இருப்பாங்க.

10/ அதே நேரம், எதிர்ப்பக்கத்து ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. "பாக்டீரியா நஞ்சால மூளை நோய் குணமாகுது"ன்னு வீடியோ போடுறீங்களே. அதே ஸ்ட்ரெப்டோகைனேஸை 1990கள்ல மூளைப் பக்கவாதத்துக்கும் போட்டுப் பார்த்தாங்க. மூளைக்குள்ள ரத்தக்கசிவும் சாவும் கூடினதால ஆய்வுகளைப் பாதியில நிறுத்தினாங்க. இதயத்துக்கு நல்லது மூளைக்கும் நல்லதுன்னு அர்த்தமில்ல.

11/ ஆந்த்ராக்ஸ் நஞ்சு எலிகள்ல வலியைக் குறைக்குதுன்னு 2021ல ஹார்வர்டு ஆய்வாளர்கள் காட்டினாங்க. அருமையான ஆய்வு. ஆனா எலி. நம்ம ஓபி சீட்டுல அதை எழுத முடியாது.

12/ போட்டுலினமும் செத்த மூளைப் பகுதியை உயிர்ப்பிக்காது. போன பலத்தை அப்படியே திருப்பித் தராது. இறுக்கம் குறையும், வலி குறையும், கையை விரிச்சுக் கழுவலாம், பிசியோதெரபி பிடிக்கும். தப்பாப் போட்டா பக்கத்துத் தசை தளரும், முழுங்கச் சிரமம் வரலாம். மயஸ்தீனியா இருக்கறவங்க, கர்ப்பிணிகள் முன்கூட்டியே சொல்லணும். அவ்வளவுதான் வாக்குறுதி.

13/ இப்போ என் கோபத்துக்கு வர்றேன். மில்லர்புரத்துல என் வீட்டுல இருந்து டூட்டிக்குப் போற வழியில ஒரு பிளெக்ஸ்: முகச்சுருக்கத்துக்கு போடாக்ஸ், தள்ளுபடி விலையில. அதே மருந்து, கை மூடிப்போன உப்பளத் தொழிலாளிக்கு நான் வேலை பார்த்த மாவட்ட ஆஸ்பத்திரி மருந்தகத்துல இல்ல. கல்யாண ரிசப்ஷனுக்கு இருக்கு, கைப்புண்ணுக்கு இல்ல.

14/ "செலவு ஜாஸ்தி, 4 மாசத்துக்கு ஒருக்கா போடணும், கட்டுப்படியாகுமா?" நியாயமான கேள்வி. ஒரு கைக்கு 200, 300 யூனிட் கூட ஆகலாம். ஆனா மகள் இழந்த கூலி யார் கணக்குல? மூட்டு நிரந்தரமா மடங்கிப் போனா அப்புறம் ஆபரேஷன், அது யார் கணக்குல? எல்லாருக்கும் கேக்கல. நிபுணர் பார்த்து, பலன் இருக்கும்னு தேர்ந்தெடுக்கறவங்களுக்குக் கேக்கறேன்.

15/ ஏற்பாடு பாதி தயாராவே இருக்கு. 2021 ஆகஸ்ட்ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவத்துல பிசியோதெரபி வீட்டுக்கே வருது. வர்றவங்க இறுகின கையைக் குறிச்சுக்கிட்டு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பட்டும். ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியிலும் இந்த ஊசியும், போடப் பயிற்சி எடுத்த டாக்டரும் இருக்கட்டும்.

16/ நீங்க செய்ய வேண்டியது: பக்கவாதம் வந்த வீட்டுல கை கால் இறுக ஆரம்பிச்சா "அது அப்படித்தான்"னு விட்டுடாதீங்க, சீக்கிரம் காட்டுங்க. பியூட்டி பார்லர்ல, டாக்டர் இல்லாத இடத்துல இந்த ஊசியைப் போட்டுக்காதீங்க. வாட்ஸ்அப் பார்வர்டை அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு டாக்டர்கிட்ட கேளுங்க.

17/ நான் நரம்பியல் நிபுணர் இல்ல, எம்பிபிஎஸ். ஊசி போடறது என் வேலை இல்ல, அனுப்பி வைக்கிறதுதான் என் வேலை. அனுப்ப ஒரு இடம் வேணும்ல?

18/ அந்த மகள்கிட்ட கால் மணி நேரம் பேசினேன். கடைசியா கேட்டா: "அம்மா மறுபடி உப்பு வார முடியுமா டாக்டரம்மா?" முடியாதுன்னு உண்மையைச் சொன்னேன். "சரி, நகம் வெட்ட முடிஞ்சா போதும்"னா. இவ்வளவுதான் கேக்கறாங்க. ஷேர் பண்ணுங்க.