கம்ப்யூட்டர் படிப்பு: பெயரைப் பார்த்து ஏமாறலாமா?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்துவிட்டால் போதும், கோரிப்பாளையம், நெல்பேட்டை, மஹபூப்பாளையம் தொடங்கி மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டி வரை நம் வீடுகளில் ஒரே பேச்சுதான். "பிள்ளையைக் கம்ப்யூட்டரில் சேர்த்துவிட வேண்டும்!"

நல்லது. படிப்பில் பின்தங்கிய சமுதாயம் என்ற பெயரைத் துடைக்க நினைக்கும் எந்தப் பெற்றோரையும் நாம் தடுக்க மாட்டோம். ஆனால் எந்தக் கம்ப்யூட்டர் படிப்பு, எந்த வழியில் சேருவது என்று கேட்டால், பலரிடம் பதில் இல்லை. இந்த இடத்தில்தான் அத்தாமார்கள் ஏமாறுகிறார்கள்.

முன்பெல்லாம் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் ஒரே பட்டம். 2019இல் ஐதராபாத் ஐ.ஐ.டி. செயற்கை நுண்ணறிவுக்கென்று தனி பி.டெக். தொடங்கியது. 2020 முதல் தமிழகப் பொறியியல் கல்லூரிகளிலும் 'செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல்' தனிப் பட்டமாக வந்தது. பின்னால் சைபர் செக்யூரிட்டி, இன்டர்நெட் ஆஃப் திங்ஸ் என்று வரிசையாகப் பெயர்கள். பெயர் புதிதாக இருந்தால் வேலையும் உடனே கிடைக்கும் என்று நம்பி, தேர்வு முடிவு வரும் முன்பே நிர்வாக ஒதுக்கீட்டில் முன்பணம் கட்டிவிடும் குடும்பங்கள் நம்மிடையே எத்தனை!

சகோதரர்களே, ஒன்றை மனதில் பதியுங்கள். கிளைகள் பல, வேர் ஒன்றுதான். புரோகிராமிங், டேட்டா ஸ்ட்ரக்சர், ஆபரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ், நெட்வொர்க், கணிதம் ஆகியவையே அந்த வேர். அணிகளும் நிகழ்தகவும் தெரியாதவனுக்குச் செயற்கை நுண்ணறிவு புரியாது. நெட்வொர்க்கும் ஆபரேட்டிங் சிஸ்டமும் தெரியாதவன் சைபர் செக்யூரிட்டியில் எதைப் பாதுகாப்பான்?

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு விதிமுறை, சாதாரண பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவரே தரவு அறிவியல், கிளவுட், சைபர் செக்யூரிட்டி போன்ற ஒரு பிரிவின் விருப்பப் பாடங்களைப் பின்னர் தேர்ந்தெடுக்க வழி செய்தது. கூடுதலாக 18 கிரெடிட் படித்தால் சிறப்புப் பிரிவோடு ஆனர்ஸ் பட்டமும் பெறலாம் என்றது. பதினேழு வயதில் கண்ணை மூடிக்கொண்டு கிளையைப் பிடிப்பதை விட, இரண்டு வருடம் படித்துத் தன் நாட்டம் எதில் என்று தெரிந்தபின் பிடிப்பது நல்லதல்லவா? சேரப்போகும் கல்லூரியில் இன்று என்ன விதிமுறை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தனிப் பிரிவில்தான் சேருவேன் என்று பிள்ளை உறுதியாக இருந்தால் சேருங்கள். அதற்கு முன் கல்லூரியில் நான்கு கேள்விகள் கேளுங்கள். இந்தப் பாடத்தை நடத்த நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர்? ஆய்வுக்கூடத்தைக் காட்டுவீர்களா? முதல் நான்கு பருவங்களின் பாடத்திட்டம் எங்கே? சென்ற ஆண்டு தேர்ச்சி எவ்வளவு? விளம்பரப் பலகையைக் காட்டி மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்தது சேரும் வழி. இங்கே நம் உரிமை இருக்கிறது. 2007இல் தமிழகம் இயற்றிய சட்டத்தால் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத தனி ஒதுக்கீடு கிடைத்தது. ஆயிரம் இடத்துக்கு 35 இடம். கட் ஆஃப் அதிகம் உள்ள நம் பிள்ளை முதலில் 31 சதவீத பொதுப் பிரிவிலேயே இடம் பெற முடியும். நுழைவுத் தேர்வும் 2007 முதல் இல்லை. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குக் கணக்கிடும் கட் ஆஃப்தான் அளவுகோல்.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி 7.5 சதவீத முன்னுரிமை உண்டு. அந்த ஒதுக்கீட்டில் சேருவோரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. ஆனால் இவையெல்லாம் அரசுக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் மட்டுமே! நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டியவர், கையில் இருந்த உரிமையைத் தாமே தூக்கிக் கொடுத்தவராகிறார். நகையை அடகு வைத்து வாங்கிய இடம், சும்மா கிடைத்திருக்க வேண்டிய இடமாக இருந்தால் எவ்வளவு பெரிய இழப்பு!

பொறியியல் கிடைக்கவில்லையே என்று ஒடிந்துவிடவும் வேண்டாம். மதுரையில் 1881 முதல் இயங்கும் அமெரிக்கன் கல்லூரியும், பெண்களுக்கென்றே லேடி டோக், பாத்திமா கல்லூரிகளும், கே.கே. நகரில் வக்ஃப் வாரியக் கல்லூரியும் இருக்கின்றன. மூன்றாண்டு பி.எஸ்சி., பி.சி.ஏ. படிப்புகளை விசாரியுங்கள். பி.சி.ஏ. முடித்தவர் எம்.சி.ஏ. போகலாம். பெண்பிள்ளைகளைப் படிக்க வைக்க வெளியூர் அனுப்பத் தயங்கும் வீடுகளே, உள்ளூரில் கதவு திறந்துதான் இருக்கிறது!

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். கலந்தாய்வு விண்ணப்பம் தொடங்கும்போது, சாதிச் சான்றிதழும் முதல் பட்டதாரிச் சான்றிதழும் இல்லாமல் அலையும் பிள்ளைகள் நம் மஹல்லாவில் இருக்கக் கூடாது. சான்றிதழ் இல்லையென்றால் 3.5 சதவீதம் காகிதத்தோடு நின்றுவிடும். தேர்வு முடியும் நாளிலேயே பள்ளிவாசல் வளாகத்தில் ஒரு மேசை போடுங்கள். முன்பே கம்ப்யூட்டர் படித்து முடித்த நம் இளைஞர் இருவரை உட்கார வையுங்கள். இ-சேவை மையத்துக்கு யாரை அனுப்புவது, எந்தக் கல்லூரியை முதலில் குறிப்பது என்று அவர்கள் சொல்லட்டும்.

இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்கள் நம் ஊரிலேயே எழுந்துள்ளன. அங்கே உட்காரும் நாற்காலிக்குப் பட்டத்தின் பெயர் போதாது, கற்ற பாடம் வேண்டும். போராடிப் பெற்ற இடத்தை வாங்கிக்கொள்வதும், அதில் ஒழுங்காகப் படிப்பதும் இனி நம் கையில்!