பொம்மைப் போர் ஆடலாமா?

மேஜை மீது போர்க்களம்! இரு பக்கமும் விரல் உயரப் பொம்மை வீரர்கள். நண்பர்கள் கூடி, அளவுகோலால் தூரம் அளந்து படையை நகர்த்துகிறார்கள். பகடை உருட்டி அடி விழுந்ததா என்று பார்க்கிறார்கள். இங்கிலாந்தில் பெரியவர்களும் ஆடும் ஆட்டம் இது. எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ் 1913-ல் இத்தகைய ஆட்டத்துக்கு விதிகள் வகுத்து ஒரு நூலே வெளியிட்டார்.

"சண்டை ஒரு விளையாட்டா?" என்று சிலர் கேட்கிறார்கள். ஆடலாம் என்பதே என் கருத்து.

1415-ல் பிரான்சில் நடந்த அஜின்கோர்ட் போரையே பாருங்கள். பிரெஞ்சுப் படைதான் பெரிது. ஆனால் முதல் நாள் இரவு மழை! உழுத நிலம் சேறாயிற்று. இரு புறமும் காடு. கவசம் அணிந்த பிரெஞ்சு வீரர்கள் நெருக்கியடித்துச் சேற்றில் சிக்கினார்கள். ஆங்கிலேய வில்லாளிகள் அம்பு மழை பொழிந்தார்கள். இங்கிலாந்து வென்றது. பிடிபட்ட கைதிகளையும் கொல்லும்படி மன்னன் 5-ம் ஹென்றி உத்தரவிட்டான்!

இந்தப் போரை மேஜையில் ஆடுகிறவருக்கு ஓர் உண்மை புரியும். ஆள்பலம் மட்டும் போதாது. சேறுகூட ஒரு படையைத் தோற்கடிக்கும்.

ஆட்டம் முடிந்தால், விழுந்த பொம்மைகளை எடுத்துப் பெட்டியில் வைக்கலாம். மறுநாளும் ஆடலாம். அஜின்கோர்ட்டில் விழுந்தவர்கள் எழுந்தார்களா?

போர் மேஜையோடு நிற்கட்டும்!