நாலாம் மாதம்: சத்தி நின்றதும் கவனம் நின்றுவிடக் கூடாது

"சத்தி நின்றிட்டுது. இனிப் பயமில்லை. நாளைக்குப் புல்லுப் பிடுங்க வரட்டும்."

பிள்ளைத்தாய்ச்சி உள்ள வீடுகளில் நாலாம் மாதம் தொடங்கும்போது கணவனோ மாமியாரோ இப்படிச் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். சொல்பவர்கள் கல்நெஞ்சக்காரர் அல்லர். மூன்று மாதமாகச் சோற்று மணமே ஒத்துக்கொள்ளாமல் பாயில் சுருண்டு கிடந்தவள் எழுந்து நடமாடுவதைக் கண்ட மகிழ்ச்சியில் சொல்கிறார்கள். சொந்தக் காணியை விட்டு வந்து பிறர் தோட்டத்தில் கூலிக்கு நிற்கும் குடும்பத்துக்கு அவளுடைய நாட்சம்பளமும் தேவைதான். ஆயினும் இந்தப் பேச்சில் ஒரு பெரிய தவறு இருக்கிறது. சத்தி நிற்கும் மாதம் கவனிப்பைக் குறைக்கும் மாதமன்று. கூட்ட வேண்டிய மாதம். அந்தப் பொறுப்பும் அவள் ஒருத்தியின் தலையில் விழக்கூடாது. முழு வீட்டுக்கும் உரியது. இதுவே எமது கருத்து.

கணக்கு எப்படி?

கர்ப்பகாலம் கடைசி மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து 40 கிழமை என்று கணக்கிடப்படுகிறது. 13 கிழமை அளவில் முதற் பகுதி முடிந்து இரண்டாம் பகுதி தொடங்குகிறது. இடம் மாறி இடம் மாறி வாழும்போது திகதி மறந்துபோவது குற்றமல்ல. "விதைப்பு முடிந்த கிழமை", "நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன்", "மடுத் திருவிழா முடிந்து வந்த பிறகு" என்று ஏதாவது அடையாளம் சொன்னாலும் போதும். குடும்பநல மருத்துவமாது அதிலிருந்து கணித்துக்கொள்வார். வெட்கப்பட்டுப் பேசாமல் இருப்பதுதான் பிழை.

உடலில் என்ன மாறும்?

பெரும்பாலான தாய்மாருக்கு இக்காலத்தில் வயிற்றுப் பிரட்டல் குறைந்து பசி திரும்பும். கருப்பை இடுப்புக் குழிக்கு மேலே எழும்பத் தொடங்குவதால் அடிவயிறு சற்று மேடாகத் தெரியும். அடிக்கடி சிறுநீர் கழிக்கும் தொல்லை சிலருக்குக் குறையும். திடீரென எழும்பும்போது அடிவயிற்றின் இரு பக்கத்திலும் சுள்ளென இழுப்பதுண்டு. மலச்சிக்கல், நெஞ்செரிவு, பல் துலக்கும்போது முரசில் இரத்தம் கசிதல், எழும்பும்போது தலைச்சுற்று என்பனவும் வரலாம். இவை பெரும்பாலும் இயல்பானவை. ஆனாலும் மருத்துவமாதுவிடம் சொல்லிவைக்க வேண்டும்.

பிள்ளை துடிப்பது இன்னும் தெரியவில்லையே என்று சிலர் கலங்குவார்கள். பிள்ளை உள்ளே அசைந்துகொண்டுதான் இருக்கிறது. அது இன்னும் ஒரு கைவிரல் நீளந்தான் இருக்கும். முதற் பிள்ளையாயின் 18 தொடக்கம் 20 கிழமையளவில்தான் அசைவு தெரியும். முன்பு பெற்றவர்களுக்குச் சற்று முந்தித் தெரியலாம்.

சிலருக்கு நாலாம் மாதத்திலும் சத்தி நிற்பதில்லை. குடிக்கும் தண்ணீர்கூட வயிற்றில் தங்காவிட்டால், சிறுநீர் குறைந்து கடுமையான நிறத்தில் போனால், வீட்டில் வைத்திருக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இரத்தம்தான் மூலதனம்

இந்த மாதங்களில் தாயின் உடலில் இரத்தத்தின் அளவு வேகமாகக் கூடுகிறது. கர்ப்பகாலம் முடிவதற்குள் அது வழமையைவிட ஏறக்குறைய அரைவாசியால் அதிகரிக்கும். அந்த இரத்தத்துக்கு இரும்புச்சத்து வேண்டும். பிள்ளையும் தன் பங்கைத் தாயிடமிருந்தே எடுத்துக்கொள்ளும். கையிருப்பு இல்லாத தாய் சோகை பிடித்துக் களைத்துப்போவாள். பிள்ளை நிறை குறைந்து பிறக்கலாம். எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து பிரசவத்தில் வருகிறது. மற்றவர்கள் தாங்கிக்கொள்ளும் இரத்தப்போக்கை இரத்தம் குறைந்த தாயால் தாங்க முடியாது. பிரசவ அறையில் நேரும் அந்த ஆபத்தைத் தடுக்கும் வேலை நாலாம் மாதத்தில் கொட்டில் வாசலிலேயே தொடங்குகிறது. பயிர் வாடிய பிறகு தண்ணீர் மாறினால் என்ன பயன் என்று கமக்காரருக்கு நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

ஆகவேதான் எமது நாட்டுக் கிளினிக்குகளில் 12 கிழமை கழிந்ததும் இரும்புச்சத்துக் குளிசையும் கல்சியமும் தரப்படுகின்றன. பூச்சிக் குளிசையும் இந்தக் கட்டத்திற்குப் பின்னரே கொடுக்கப்படுகிறது. வெறுங்காலுடன் ஈரமண்ணில் நிற்பவர்களின் பாதத்தால் ஏறும் கொக்கிப்புழு குடலில் இருந்து இரத்தம் குடிக்கும் என்பதால் தோட்ட வேலை செய்யும் தாய்மாருக்கு இது மிக முக்கியம். முதற் பிள்ளைக்கான ஏற்புவலித் தடுப்பூசியின் முதல் ஊசியும் 12 கிழமைக்குப் பின்னரே போடப்படுகிறது. இவையெல்லாம் இலவசம். சத்தி நின்றதென்று கிளினிக்கை விட்டவள் இவ்வளவையும் இழக்கிறாள்.

குளிசை குடித்தால் மலம் கறுப்பாகப் போகும், பயப்படத் தேவையில்லை. பிரட்டினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் எடுக்கலாம். இரும்புக் குளிசையையும் கல்சியத்தையும் ஒரே நேரத்தில் எடுக்கக் கூடாது. சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிப்பதை விடவேண்டும்; அது இரும்புச்சத்தை உடலில் சேரவிடாமல் தடுக்கும். தேத்தண்ணிக்குப் பதிலாகத் தேசிக்காய்த் தண்ணீரோ ஒரு கொய்யாப்பழமோ எடுத்தால் சத்து நன்றாகச் சேரும்.

சாப்பாடு யாருக்கு?

"இரண்டு பேருக்குச் சாப்பிடு" என்பார்கள். அவ்வளவு தேவையில்லை. முன்பு உண்டதோடு ஒரு சிறு நேரச் சாப்பாடு கூடினால் போதும். அவித்த பயறு அல்லது கௌபி, ஒரு பிடி கச்சான், முருங்கை இலை அல்லது பொன்னாங்காணிச் சுண்டல், ஒரு முட்டை, சூடையோ நெத்தலியோ. கொட்டிலுக்குப் பக்கத்தில் நாலு முழ நிலம் இருந்தாலும் ஒரு முருங்கைத் தடியும் கீரையும் வளரும். உப்பு வாங்கும்போது அயடீன் சேர்த்த உப்பாக வாங்க வேண்டும்.

ஆனால் பல வீடுகளில் தட்டுப்பாடு உணவில் மட்டுமல்ல, முறையிலும் இருக்கிறது. ஆண்களும் பிள்ளைகளும் உண்டபின் சட்டியில் மிஞ்சியதையே அவள் வழித்து உண்கிறாள். கிளினிக்கில் அவளுக்கென்று கிடைக்கும் திரிபோஷாவும் வீடு முழுவதற்கும் பங்காகிறது. பசித்த பிள்ளை கேட்கும்போது எந்தத் தாய் மறுப்பாள்? அதனால் அவளுடைய பங்கைக் காப்பது அவளுடைய வேலையாக இருக்கக் கூடாது. மாமியார் முதலில் அவளுக்குப் போட்டு, பக்கத்தில் இருந்து உண்ணச் செய்யட்டும்.

எந்த வேலை, எந்த வேலையில்லை

"நாங்கள் வயிற்றுப் பிள்ளையோடு வரம்பு வெட்டினோம், என்ன நடந்தது?" என்று முதியவர்கள் கேட்பார்கள். அவர்கள் பட்ட பாட்டை நாம் மதிக்கிறோம். ஆனால் பெற்றுப் பிழைத்தவர்கள்தான் இன்று கதை சொல்கிறார்கள். பிழைக்காதவர்களுக்கு வாயில்லை.

நோயில்லாத கர்ப்பிணி வேலையே செய்யக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. நடப்பதும் அளவான வேலையும் நல்லவை. வெங்காயம் துப்புரவாக்கலாம், விதை தெரியலாம், சமைக்கலாம். ஆனால் தூரத்துக் குழாயிலிருந்து தண்ணீர்க்குடம் சுமப்பதும், மூட்டை தூக்குவதும், உச்சி வெயிலில் தண்ணீரில்லாமல் குனிந்து நிற்பதும் வேண்டாம். கிருமிநாசினி கலக்கும் இடத்துக்கோ தெளிக்கும் இடத்துக்கோ அவள் போகவே கூடாது. மருந்தடித்த உடுப்பைத் தோய்ப்பதும் அவள் வேலையல்ல. புகையிலை போட்டு வெற்றிலை சப்புவதையும் விட்டுவிட வேண்டும்.

முகாம்களிலும் நெருக்கமான வளவுகளிலும் மலசலகூடத்துக்குப் போக வெட்கப்பட்டு இருட்டும்வரை சிறுநீரை அடக்கிக்கொள்ளும் பெண்கள் பலர். அதற்காகவே தண்ணீர் குடியாமலும் இருப்பார்கள். இதனால் சிறுநீரில் கிருமி தொற்றும். அது முற்றினால் காய்ச்சல் வந்து பிள்ளை காலத்துக்கு முந்திப் பிறக்கவும் கூடும். பெண்களுக்கு மறைப்பும் வெளிச்சமும் உள்ள மலசலகூடம் கேட்பது ஆடம்பரக் கோரிக்கையல்ல.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

இரத்தம் படுதல், நீர் போதல், விட்டுவிட்டு வரும் கடும் வயிற்றுவலி, காய்ச்சல், சிறுநீர் கழிக்கும்போது எரிவு, தாங்கமுடியாத தலையிடி, பார்வை மங்கல், மூச்சிளைப்பு. இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கடையில் கேட்டுக் குளிசை வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம்.

அட்டை

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இன்னொரு சொல். கிளினிக்கில் தாயின் கையில் தரும் கர்ப்பிணி அட்டையில் அவளுடைய இரத்த வகை, அழுத்தம், நிறை, போட்ட ஊசி எல்லாம் இருக்கும். 1995 ஒக்டோபரில் வலிகாமத்திலிருந்து ஒரே இரவில் வெளிக்கிட்ட சனங்களுக்குத் தெரியும், கையில் எடுத்தது மட்டுமே மிஞ்சும் என்று. போரானாலும் வெள்ளமானாலும் பாடம் ஒன்றுதான். அட்டையை அடையாள அட்டையோடு ஒரு பொலித்தீன் பையில் கட்டி வையுங்கள். புதிய இடத்துக்குப் போனால் அந்தப் பகுதி மருத்துவமாதுவிடம் முதற் கிழமையிலேயே பதியுங்கள். பழைய இடத்தில் பதிந்திருக்கிறோமே என்று இருந்துவிட்டால் உங்களைத் தேடி யாரும் வரமாட்டார்கள். நீங்கள் வந்தது அவருக்குத் தெரியாது.

கடைசியாகக் கணவன்மாருக்கு. அடுத்த கிளினிக் நாளில் ஒருநாள் கூலியை விட்டு அவளோடு கூடப் போங்கள். மருத்துவமாது சொல்வதை உங்கள் காதாலேயே கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் குடத்தை நீங்கள் தூக்குங்கள். நாலாம் மாதத்தில் விடும் ஒருநாள் கூலி நட்டமல்ல. ஒன்பதாம் மாதத்தில் தாயும் பிள்ளையுமாக இரண்டு உயிர் வீடு திரும்புவதற்கு நீங்கள் போடும் முதல்.