துருவுக்கும் காரணம் வேண்டும்

இந்திய ரயில்வேயின் சரக்கு வேகன் ஒவ்வொன்றும் தன் வயதைத் தன் உடலிலேயே எழுதி வைத்திருக்கிறது. அதன் 11 இலக்க எண்ணில் முதல் இரண்டு வகையையும், அடுத்த இரண்டு உரிமையுள்ள ரயில்வேயையும், ஐந்தாம் ஆறாம் இலக்கங்கள் கட்டப்பட்ட ஆண்டையும் குறிக்கும்.

1:87 அளவில் மாதிரி வேகன்கள் செய்து, அவற்றுக்குப் பழமைத் தோற்றம் ஊட்டும் நண்பர்கள் பலர் இவ்வெண்ணைப் படிப்பதில்லை. எண்ணின்படி இரண்டே வயதான வேகனிலும் உடலெங்கும் துரு பூசுகின்றனர். அது மெய்ம்மை அன்று, ஒப்பனை. அழுக்குக்கும் இலக்கணம் உண்டு. நிலக்கரி சுமக்கும் பாக்ஸ்என் வேகனில் உட்சுவரும் மேல்விளிம்பும் கரியேறும். பிரேக் தூசி சக்கரங்களை ஒட்டிப் பழுப்பாகப் படியும். பணிமனையில் புதிதாக எழுதப்பட்ட வெள்ளை எழுத்துகள் மட்டும் பழைய உடலில் பளிச்சென்று நிற்கும்.

முதுகலை ஆய்வில் நான் இதற்கு நேரெதிரான பிழையைச் செய்தேன். களப்பதிவுகளை எழுத்தில் பெயர்த்தபோது, பேசியவர்களின் தயக்கங்களையும் திருத்தங்களையும் அழுக்கெனக் கருதி நீக்கினேன். எந்தச் சொல்லின் முன் தயங்கினார்கள் என்பதே சான்று எனப் பின்னரே உணர்ந்தேன்; எல்லாப் பதிவுகளையும் மீண்டும் கேட்க நேர்ந்தது.

இல்லாத துருவைச் சேர்ப்பதும் இருந்த கறையைத் துடைப்பதும் வெவ்வேறு குற்றங்கள் அல்ல. இரண்டும் ஒரு பொருளின் வரலாற்றைப் பொய்யாக்குகின்றன. முன்னது பொழுதுபோக்கில் மன்னிக்கத்தக்கது. பின்னது ஆய்வில் அவ்வாறன்று. ஆகவே, தூரிகையோ அழிப்பானோ, கையில் எடுக்குமுன் எண்ணைப் படியுங்கள்.