எம்டி 90ஐ எந்த வருசத்துக்குத் திருப்புவது?

பழைய மோட்டார் சைக்கிளுக்கு எங்கட ஊரில் திடீரென்று மரியாதை வந்திருக்கு. கோடிப்புறத்தில் கோழி ஏறிப் படுத்துக் கிடந்த ஹொண்டாக்களை எல்லாம் வெளியில் இழுத்து எடுக்கிறார்கள். ராங்கிக்குப் புதுப் பெயின்ற், மட்காட்டுக்குக் குரோம், சீற்றுக்குப் புது உறை. "முன்பு - பின்பு" என்று இரண்டு படம் போட்டால் லைக் குவியுது. கொழும்பிலிருந்து ஆள் வந்து காசைக் கையில் வைத்துக்கொண்டு விலை பேசுகிறார்.

இதை வெறும் ஸ்டைல் என்று தள்ளிவிட முடியாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தியது. 2025 வரைக்கும் அந்தக் கதவு சரியாகத் திறக்கவில்லை. புதுச் சைக்கிள் எட்டாத விலைக்குப் போக, ஓடின சைக்கிளின் விலையும் கூடவே ஏறியது. 2022இல் எரிபொருள் வரிசை வந்தது. கியூஆர் முறை தொடங்கினபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான். அந்த நாலு லீற்றரோடு கிழமை முழுக்க ஓடக்கூடியது எது என்று யோசித்தவர்களுக்கு, அப்பாவின் பழைய சின்ன ஹொண்டா ஞாபகம் வந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஆகவே பழைய சைக்கிளைத் திருத்துவது நல்ல விசயம். எனக்கு அதில் பிரச்சினை இல்லை. என்ர கேள்வி வேறு. திருத்தும்போது அந்தச் சைக்கிளை எந்த வருசத்துக்குத் திருப்புகிறோம்?

எம்டி 90ஐயே எடுப்போம். வடக்கில் வளர்ந்த ஆருக்கும் இந்தப் பெயரை விளக்கத் தேவையில்லை. ஹொண்டாவின் சுப்பர் கப் 1958இல் வந்தது. கிளச் பிடி இல்லாமல், ஒரு கையால் ஓட்டிக்கொண்டே மற்றக் கையில் சாப்பாட்டுத் தட்டைப் பிடித்துக்கொண்டு போகலாம் என்பதுதான் அதன் யோசனை. அந்தக் குடும்பத்தில், ஜப்பான் தபால்காரருக்கென்று தனியாகச் செய்ததுதான் எம்டி 90. சிவப்பு நிறம், பின்னால் பெரிய கரியர், ஓட்டுகிறவருக்கு மட்டும் சீற். அங்கே கடிதம் காவினது இங்கே வந்து மீன் பெட்டி, விறகு, உரப்பை, நோயாளி, மூன்று பிள்ளைகள் என்று எல்லாத்தையும் காவியது. கரியரில் மெத்தை கட்டினால் அது பின் சீற்.

இப்போது ஒருவர் அதை "அசலாக்கி" தபால் சிவப்பு அடித்து நிறுத்துகிறார் என்று வையுங்கோ. பார்க்க வடிவுதான். ஆனால் அது ஜப்பானின் ஒரு தபால் கந்தோருக்குத் திரும்பிப் போன சைக்கிள். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் அது ஓடின முப்பது வருசம் எங்கே போனது? மணல் கடதாசி போட்டுத் தேய்த்ததோடு அதுவும் தேய்ந்து போய்விட்டது.

அந்த முப்பது வருசத்தில் என்ன இருந்தது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேணும். 1990இல் சண்டை திரும்பத் தொடங்கின பிறகு வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், பற்றரி, சீமெந்து, உரம் என்று பெரிய பட்டியல். பெற்றோல் கடத்தி வந்தால்தான் உண்டு, அதுவும் போத்தல் கணக்கில். மண்ணெண்ணெய் மட்டும் அளவோடு கிடைத்தது. சனம் அந்த மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது. மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் ஓடின.

இதைக் கேட்கிற இந்தக் காலப் பிள்ளைகள் ஏதோ மந்திரம் மாதிரி நினைக்கினம். மந்திரம் இல்லை. பெற்றோல் குளிரிலேயே ஆவியாகும், மண்ணெண்ணெய் அப்படி ஆகாது. அதனால் குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் ஸ்ராட் ஆகாது. கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு, உதைத்து ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறின பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற வேணும். சூட்டில் அது ஆவியாகி எரியத் தொடங்கும். பிரித்தானியாவில் ஒரு காலத்தில் உழவு இயந்திரங்களே இப்படித்தான் இரண்டு ராங்கியோடு வந்தன. அங்கே கொம்பனி வடிவமைத்துக் கொடுத்ததை இங்கே கராஜ் அண்ணைமார் ஒரு சின்னப் போத்தலையும் ஒரு துண்டு ரியூப்பையும் வைத்துச் செய்தார்கள்.

அதற்கு விலையும் இருந்தது. பிளக்கில் கரி பிடிக்கும். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் றிங்கைத் தாண்டி இறங்கி என்ஜின் ஒயிலைத் தண்ணியாக்கும். ஒயில் தண்ணியானால் பெயாரிங் தேயும். றோட்டு முழுக்க வெள்ளைப் புகை, உடுப்பு முழுக்க மண்ணெண்ணெய் மணம். தேய்ந்ததுக்குப் பதிலாகப் போட உதிரிப்பாகம் கிடையாது. கடைந்து போட்டார்கள், ஒட்டிப் போட்டார்கள், இன்னொன்றிலிருந்து கழற்றிப் போட்டார்கள். இன்றைக்கு ஒரு பழைய சைக்கிளைப் பிரிக்கிற ஆள், "இதென்ன, ஒண்டும் ஒரிஜினல் இல்லை" என்று சலித்துக்கொள்கிறார். அந்த ஒரிஜினல் இல்லாத துண்டுதான் எங்கட வரலாறு. அதைக் கழற்றி இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டு, கடையில் வாங்கின புதுத் துண்டைப் போட்டு "அசல்" என்று சொல்லுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அசல் என்ற சொல்லே அவ்வளவு நம்பக்கூடியது இல்லை. பிஎஸ்ஏ பன்ரம் என்ற சின்னச் சைக்கிள் பிரித்தானியாவின் அடையாளம் என்று சொல்லுவார்கள். அதன் எஞ்சின் ஜேர்மனியின் டிகேடபிள்யூ ஆர்டி 125இன் வடிவம். இரண்டாம் உலக யுத்தத்தில் தோற்ற நாட்டிடமிருந்து எடுத்த வரைபடம். 1955இல் யமஹா செய்த முதல் மோட்டார் சைக்கிளும் அதே ஜேர்மன் வடிவத்தைப் பின்பற்றினதுதான். என்பீல்ட் புல்லற் இங்கிலாந்தில் பிறந்தது. 1955இல் மெட்ராசில் செய்யத் தொடங்கினார்கள். பிறகு இங்கிலாந்துத் தொழிற்சாலை மூடப்பட்டது, மெட்ராஸ் மட்டும் செய்துகொண்டே இருந்தது. இப்ப எது அசல்? ஒரு சைக்கிள் எங்கே பிறந்தது என்பதை விட, எங்கே எப்படி வாழ்ந்தது என்பதுதான் அதைத் தனித்துவமாக்குகிறது.

இதே கேள்வி நம்பர் பிளேற்றிலும் வரும். தெற்கில் பழைய வாகனம் சேர்க்கிறவர்களிடம் சிங்கள "ஸ்ரீ" எழுத்துப் போட்ட பிளேற்றுக்கு நல்ல கிராக்கி. அவர்களுக்கு அது ஒரு இனிமையான பழைய ஞாபகம். எங்களுக்கு? 1957இல் ஆங்கில எழுத்துக்குப் பதிலாக அந்தச் சிங்கள எழுத்து வந்தபோது தமிழ் வாகனக்காரர்கள் தமிழ் ஸ்ரீயை எழுதினார்கள். 1958இல் அந்த எழுத்தோடு பஸ்களை வடக்குக்கு அனுப்ப, இங்கே சிங்கள எழுத்துக்குத் தார் பூசினார்கள், அங்கே கடைப் பெயர்களில் இருந்த தமிழுக்குத் தார் பூசினார்கள். அந்த ஏப்ரலிலேயே பண்டா - செல்வா ஒப்பந்தம் கிழிந்தது. மே மாதம் கலவரம். ஒரு தகரத் துண்டில் இருந்த ஒரு எழுத்து இவ்வளவையும் கண்டிருக்கு. அந்தப் பிளேற்றைக் கழற்றி எறியச் சொல்லி நான் கேட்கவில்லை. அது இருக்க வேணும். ஆனால் அதைச் "சோக்கான விண்ரேஜ் பிளேற்" என்று மட்டும் பார்க்கிற கண்ணோடு எங்களால் பார்க்க முடியாது என்பதை அந்த நண்பர்களுக்குச் சொல்ல வேணும்.

சரி, எங்கட பக்கத்தையும் கொஞ்சம் பார்ப்போம். பழைய சைக்கிள் கதை என்றால் எங்கட அப்பாமார், மாமாமார் நிப்பாட்ட மாட்டினம். மண்ணெண்ணெயில் ஓடினது, கட்டைப் பிளக்கைத் துடைத்துத் துடைத்துப் போட்டது, ஒரே சைக்கிளில் நாலு பேர் போனது. கேட்கக் கேட்க இனிக்கும். ஆனால் அந்த இனிப்பில் ஒரு ஆபத்து இருக்கு. தடை என்பது ஒரு சாகசம் இல்லை. ஆஸ்பத்திரிக்கு நேரத்துக்குப் போய்ச் சேராமல் செத்தவர்களுக்கு, அந்தப் போத்தல் பெற்றோல் ஒரு வீரக்கதை இல்லை. "எங்களால் எதையும் சமாளிக்க முடியும்" என்ற பெருமையை நாங்கள் சொல்லிச் சொல்லி, சமாளிக்க வைத்தது ஆர் என்ற கேள்வி மறைந்து போய்விடக் கூடாது.

இன்னொன்று. இந்தக் கதைகளைச் சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் ஆம்பிளைகள். மோட்டார் சைக்கிள் பல வீடுகளில் சீதனப் பட்டியலில் இருந்த பொருள். பொம்பிளை வீட்டுக் காசில் வாங்கின சைக்கிளில் பொம்பிளை பின்னுக்கு ஒருபக்கமாகக் கால் போட்டு இருந்தா. ஓடினது அவர். அந்தச் சைக்கிளைப் பற்றி அம்மாவிடம் கேட்டுப் பாருங்கோ, வேறு கதை வரும். அதோடு ஹொண்டா சலியை ஆரும் ரெஸ்ரோர் பண்ணி வீடியோ போடுவது குறைவு. சின்ன ரயர், தாழ்ந்த சீற், "பொம்பிளையளின்ர சைக்கிள்" என்று ஒரு இளக்காரம். ஆனால் ஆசிரியைமாரும் தாதிமாரும் தாங்களே ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போன வண்டி அது. எங்கட றோட்டில் ஆர் எப்போது ஹாண்டிலைப் பிடித்தார்கள் என்ற வரலாற்றை எழுதினால், எம்டி 90ஐ விடச் சலிக்குத்தான் பெரிய அத்தியாயம் கொடுக்க வேணும்.

இனிக் கொஞ்சம் கஷ்டமான விசயம். கடதாசி.

வடக்கில் எத்தனையோ பழைய சைக்கிள்களுக்குப் பதிவுப் புத்தகம் இல்லை. இடம்பெயர்வில் தொலைந்தது, எரிந்தது, நனைந்தது. இருந்தாலும் பதிந்த பெயர்க்காரர் கனடாவில். அல்லது உயிரோடு இல்லை. முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு அந்தப் பக்கத்தில் கைவிடப்பட்ட சைக்கிள்களும் வாகனங்களும் குவியல் குவியலாகத் துருப்பிடித்துக் கிடந்ததைக் கண்டவர்கள் பலர். ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர் இருந்தார். எத்தனையோ இரும்பு விலைக்குப் போயின.

பெயர்க்காரர் காணாமல் ஆக்கப்பட்டவராக இருந்தால்? 2016இலிருந்து சட்டத்தில் காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்று ஒன்று இருக்கு. அதை எடுத்தால் மகனுடைய சொத்து விசயங்களைப் பார்க்கலாம் என்று சொல்லுவார்கள். ஆனால் மகன்ர பெயரை மாத்தினால் மகன் இல்லை என்று தானே கையெழுத்து வைத்த மாதிரி என்று நினைக்கிற அம்மாக்கள் இருக்கினம். அவர்களுக்கு விறாந்தையில் நிற்கிறது பழைய இரும்பு இல்லை. பழைய சைக்கிள் தேடி ஊர் ஊராகப் போகிற தம்பிமாருக்கு நான் சொல்லுவது இதுதான்: விலை கேட்கும் முதல் அது ஆருடையது என்று கேளுங்கோ. பதில் மௌனமாக இருந்தால், தண்ணி குடித்துவிட்டு எழும்பி வாங்கோ. இரண்டாம் தரம் போய்க் கேட்காதேங்கோ.

மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களம் இதில் செய்யக்கூடியது இருக்கு. யுத்தத்தில் ஆவணம் இழந்த பழைய சைக்கிள்களுக்கு, கிராம சேவையாளரின் உறுதிப்படுத்தலோடும் சத்தியக் கடதாசியோடும் பதிவைப் புதுப்பிக்க எளிதான வழி ஒன்று வேணும். இல்லாவிட்டால் கடதாசி உள்ள தெற்குச் சைக்கிள் "கிளாசிக்" ஆகும், கடதாசி இல்லாத வடக்குச் சைக்கிள் உதிரிப்பாகம் ஆகும். இப்போதே அதுதான் நடக்குது.

அப்ப எப்படித் திருத்துவது? கட்டடங்களைப் பாதுகாக்க 1964இல் வெனிஸ் சாசனம் என்று ஒன்று எழுதினார்கள். அதே வழியில் பழைய வாகனங்களுக்கும் பிறகு துரின் சாசனம் வந்தது. அதன் சாரம்: இருப்பதைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை, புதுசாக்குவது கடைசி வேலை. எங்கட கராஜுக்கு இதை இப்படி மாற்றலாம்.

பிறேக், ரயர், செயின், வயர் - இவற்றில் ஒரு சென்ரிமென்ரும் வேண்டாம். பழசு என்றால் மாற்றுங்கோ. வரலாற்றைக் காப்பாற்றப் போய் உங்கட காலை உடைக்கத் தேவையில்லை. மற்றதைக் கழற்றும் முதல் படம் எடுங்கோ. கழற்றின கைவேலைத் துண்டுகளை ஒரு பெட்டியில் போட்டு, எது எங்கே இருந்தது என்று எழுதி, சைக்கிளோடு சேர்த்து வையுங்கோ. பெயின்ற் ஒட்டிக்கொண்டிருந்தால் விடுங்கோ, துரு பரவாமல் ஒயில் துணியால் துடைத்தால் போதும். கரியரில் வெல்டிங் பண்ணின அடையாளத்தைத் தேய்க்காதேங்கோ. எஞ்சின் இலக்கத்திலும் சசி இலக்கத்திலும் கை வைக்கவே வேண்டாம்.

எல்லாத்துக்கும் மேலாக, அதைத் திருத்தின கையைத் தேடுங்கோ. மண்ணெண்ணெய்க்கு எஞ்சினைப் பழக்கின அண்ணைமாருக்கு இப்ப அறுபது, எழுபது வயது. அவர்களுக்குத் தெரிந்தது எந்த மனுவலிலும் இல்லை. போனில் ஒரு மணித்தியாலம் பதிவு செய்தால் அதுவே ஒரு ஆவணம். மெக்கானிக் கை கறுப்பு என்பதால் அவர் சொல்லுவதை வரலாறாக எடுக்காத பழக்கம் எங்களிடம் இருக்கு. பல்கலைக்கழகம் வந்து எழுதும் என்று காத்திருந்தால் ஒன்றும் மிஞ்சாது.

தபால் சிவப்பு எம்டி 90ஐ ஜப்பானில் போய்ப் பார்க்கலாம். மண்ணெண்ணெய் குடித்து, பங்கரைத் தாண்டி, இரண்டு மூன்று இடப்பெயர்வு கண்டு, கைவேலைத் துண்டுகளோடு இன்னும் உதைத்தால் ஸ்ராட் ஆகிற எம்டி 90ஐ இங்கே மட்டும்தான் பார்க்கலாம். அதுக்குப் பெயின்ற் அடிக்க அவசரப்படாதேங்கோ.