கயிறு பிடிக்கிறவன் யாரு?

போன கார்த்திகையில எங்க உளுந்துல மஞ்சள் தேமல் விழுந்துச்சு. பட்டணத்துல இருக்கிற உங்களுக்காகச் சொல்றேன். முதல்ல இலையில அங்கங்க மஞ்சப் பொட்டு தெரியும். கவனிக்காம விட்டா புஞ்சையே மஞ்சளாப் போயிரும். காய் சரியாப் பிடிக்காது.

பக்கத்துப் புஞ்சை எங்க அக்கா மகனோடது. பய போனும் கையுமா திரியிறவன். வரப்புல நின்னுக்கிட்டே, பேசினா பதில் பேசுமே, அந்த உதவியாளர்கிட்ட கேட்டான்: "உளுந்துல தேமல் விழுந்திருக்கு, என்ன மருந்து போடணும்?"

அது ரொம்ப மரியாதையா சொல்லுச்சு: "தேமல் என்பது தோலில் ஏற்படும் பூஞ்சைத் தொற்று. பாதிக்கப்பட்ட இடத்தைக் கழுவி, களிம்பு தடவி வாருங்கள்."

"மாமா, மூணு ஏக்கருக்கு எத்தன டியூப் வாங்கணும்?"ன்னான். ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிச்சோம்.

அதோட விட்டிருந்தா இத எழுதியிருக்க மாட்டேன். மறுநாள் அவன் கேள்வியத் திருத்தி, பயிர் நோய்னு வெளக்கமாக் கேட்டிருக்கான். இந்தத் தடவ அது பயிருன்னு புரிஞ்சுக்கிட்டு, பூஞ்சைக்கு அடிக்கிற ஒரு மருந்துப் பேரச் சொல்லி, லிட்டருக்கு இத்தன கிராம்னு அளவும் குடுத்திருக்கு. குரல்ல ஒரு தயக்கம் கிடையாது. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம அடிச்சுட்டான்.

மஞ்சள் தேமல் பூஞ்சை இல்ல, வைரஸ். வெள்ளை ஈ பரப்புறது. வந்த செடியக் குணமாக்க மருந்து கிடையாது. ஆரம்பத்துலயே அந்தச் செடியப் பிடுங்கி அழிச்சு, வெள்ளை ஈயக் கட்டுப்படுத்துனா மத்தது தப்பிக்கும். அவன் பூஞ்சை மருந்த அடிச்சுட்டு ஒரு வாரம் காத்திருந்தான். அந்த ஒரு வாரத்துல முக்கா ஏக்கர் மஞ்சளாயிருச்சு. மருந்துக் காசு, ஆள் கூலி தனி.

கோபத்துல அதுகிட்டயே போய்க் கேட்டான்: "நீ சொன்னது தப்பாயில்ல போச்சு?" அது சொல்லுச்சு: "மன்னிக்கவும், நீங்கள் சொல்வது சரிதான். மஞ்சள் தேமல் ஒரு வைரஸ் நோய்." அப்புறம் எல்லாத்தையும் சரியா ஒப்பிச்சுது. அதாவது தெரிஞ்சிருக்கு. கேக்குற நேரத்துல வரல.

எங்க ஊருக்குத்தான் இப்படின்னு நெனச்சேன். படிச்சுப் பாத்தா பெரிய பெரிய கம்பெனிக்காரனே தலைய பிச்சுக்கிட்டுத்தான் இருக்கான்.

ஆப்பிள் 2011லயே சிரின்னு ஒன்ன ஐபோன்ல வச்சான். அமேசான் 2014ல அலெக்சாவக் கொண்டுவந்தான். பத்து வருசம் தாண்டியும் பெரும்பாலானவங்க அதுங்ககிட்ட வாங்குற வேல என்ன? பாட்டுப் போடு, அலாரம் வை, மழை வருமா பாரு. அமேசானோட கருவி வியாபாரத்துல 2017ல இருந்து 2021 வரைக்கும் 2,500 கோடி டாலருக்கு மேல நட்டம்னு 2024ல வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகை எழுதுச்சு. ரூபா இல்ல, டாலர்.

2024 ஜூன்ல ஆப்பிள் மேடை போட்டு, இனி சிரி உங்க மெயிலு, மெசேஜு எல்லாம் பாத்து, "அம்மா வர்ற ஃப்ளைட் எப்ப இறங்கும்"னு கேட்டா சொல்லும்னு காட்டுனான். விளம்பரமும் ஓடுச்சு, செப்டம்பர்ல போனும் வித்தான். 2025 மார்ச்சுல, அதுக்கு இன்னும் நாளாகும்னு சொல்லிட்டு, விளம்பரத்தயும் எடுத்துட்டான். வாங்குனவங்க சிலபேரு அமெரிக்காவுல கோர்ட்டுக்குப் போனாங்க. அந்தப் போன ஸ்ரீபெரும்புதூர்ல பூட்டுறது நம்ம பிள்ளைகதான், அது வேற கத.

சரியில்லாத சரக்க வெளிய விடாம நிறுத்துனான் பாருங்க, அத நான் குறை சொல்ல மாட்டேன். விளைஞ்சு வர்றதுக்கு முன்னால வித்ததுதான் தப்பு. எங்க ஊர்ல பூவுலயே மிளகாய்க்கு அச்சாரம் வாங்குறவன் உண்டு. மழை பொய்ச்சா அவன் வியாபாரி முகத்துல முழிச்சுத்தான் ஆகணும்.

ஏன் இவ்வளவு கஷ்டம்? எனக்குப் புரிஞ்சது இதுதான். இப்ப வந்திருக்கிற புது மிசினு, கோடிக்கணக்கான பக்கத்தப் படிச்சு, அடுத்த வார்த்த என்னவா இருக்கும்னு கணக்குப் போட்டுப் பேசுது. அதனால பேச்சு சரளமா வருது. பேச்சு சரளமா இருந்தா விஷயமும் சரியா இருக்கும்னு நம்ம காது நம்பிருது. எழுத்துல வந்தா ரெண்டு தடவ வாசிப்போம். குரல்ல வந்தா அப்படியே எடுத்துக்குவோம். சும்மா பேசறதுல தப்பு வந்தா சிரிச்சுட்டுப் போகலாம். மருந்து அடிக்கிறது, பணம் அனுப்புறதுன்னு வேலையில தப்பு வந்தா சிரிக்க முடியாது.

எங்க கடக்கரையில முத்துக் குளிச்ச காலம் உண்டு. 1961க்குப் பிறகு இங்க பெருசா முத்துக்குளிப்பு நடக்கல. எங்க அப்பாவோட சேக்காளி ஒருத்தர், தருவைக்குளத்துக்காரரு, எளவட்டத்துல போனவரு. நான் சின்னப் பயலா இருக்கையில சொல்லுவாரு: கல்லக் கட்டிக்கிட்டு உள்ள இறங்குறவன் உசுரு, மேல வள்ளத்துல கயிறு பிடிக்கிறவன் கையிலதான். அதனால கயித்த மச்சினன் கையிலதான் குடுப்பான்.

"ஏன் தாத்தா, மச்சினனுக்கு அவ்வளவு பாசமா?"ன்னு கேட்டேன்.

"பாசம் இல்லல. கயித்த விட்டா அவன் கூடப் பொறந்தவ தாலிலா போவும்"னாரு.

இந்தக் குரலு மிசினுகிட்ட நான் தேடுறது அந்த மச்சினனத்தான். தப்பாச் சொன்னா அதுக்கு என்ன நட்டம்? மருந்துக் கடைக்காரன் தப்பாக் குடுத்தா கடை வாசல்ல நின்னு சண்ட போடலாம், அடுத்த பூவுக்கு வேற கடைக்குப் போகலாம். கிசான் கால் சென்டர் 1800-180-1551, 2004ல இருந்து இருக்கு. அந்தப் பக்கம் தமிழ் பேசுற ஒரு மனுசர் இருப்பாரு. இது "மன்னிக்கவும்"னு சொல்லிட்டு அடுத்த ஆளுக்குப் பதில் சொல்லப் போயிரும்.

குரலே வேண்டாம்னு நான் சொல்லல. எங்க ஆத்தா மாதிரி எழுத்து வாசிக்கத் தெரியாதவங்களுக்குக் குரலுதான் வழி. மத்திய அரசு 2023 செப்டம்பர்ல கிசான் இ-மித்ரான்னு ஒன்னு விட்டுச்சு. வருசம் 6,000 ரூபா வர்ற திட்டத்தப் பத்தித் தமிழ்லயும் கேக்கலாம். ஒரு வேலைன்னு எல்லை போட்டுக்கிட்டு இறங்கினது நல்ல புத்தி.

2023 டிசம்பர் 17, காசித் தமிழ்ச் சங்கமத்துல பிரதமர் இந்தியில பேசப் பேச, பாஷினிங்கிற மிசினு உடனுக்குடன் தமிழாக்குச்சு. பெரிய காரியந்தான். அதே நாளு எங்க மாவட்டத்துல வானம் பொத்துக்கிச்சு. மறுநாள் காலையில பாத்தா ஒரே நாள்ல காயல்பட்டினத்துல 95 சென்டிமீட்டர். கரண்டு போச்சு, டவர் போச்சு, ஸ்ரீவைகுண்டத்துல ரயிலு நின்னுச்சு. போனே செத்த பிறகு அதுக்குள்ள இருக்கிற குரலு எங்க பேச?

2004 சுனாமி அன்னைக்குப் புதுச்சேரி நல்லவாட்டுல நடந்தத நெனச்சுப் பாருங்க. சிங்கப்பூர்ல வேல பாத்த அந்த ஊருக்காரரு ஒருத்தர் போன் பண்ணிச் சொல்ல, சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்க வச்சிருந்த ஒலிபெருக்கியில அறிவிச்சு ஊரையே வெளியேத்துனாங்க. அந்த ஒலிபெருக்கிக்கு அறிவு கிடையாது. ஆனா போன் பண்ணவருக்கும் மைக்கப் பிடிச்சவங்களுக்கும் அது சொந்த ஊரு.

கம்பெனிக்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சந்தான். குரல இனிப்பாக்குறத நிறுத்துங்க. பதில் சொல்றதுக்கு முன்னால "எத்தன நாள் பயிரு? இலை பூராவும் மஞ்சளா, பொட்டு பொட்டாவா?"ன்னு திருப்பிக் கேக்கச் சொல்லிக் குடுங்க. தெரியாட்டி "தெரியல, இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க"ன்னு சொல்லட்டும். தப்பாச் சொல்லி ஒருத்தன் புஞ்சை போனா, யார் வாசல்ல வந்து நிக்கணும்னு முன்னாடியே எழுதி வைங்க.

வர்ற புரட்டாசிக்கு மஞ்சள் தேமலத் தாங்குற வம்பன் 8 விதைக்கப் போறோம். விதைக்காக அக்கா மகனக் கூட்டிக்கிட்டு கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய் விசாரிச்சுட்டு வந்தேன். போற வழியெல்லாம் பய போன்கிட்ட பேசிக்கிட்டுத்தான் வந்தான். இளையராஜா பாட்டு கேட்டான், அத மட்டும் சரியாப் போட்டுச்சு.